விரலைப் பிடிக்காதீர்கள், கிடத்துங்கள்: வாசகர் கேள்வி – பதில்

விரலைப் படமெடுக்கும் சோதனைகள் பற்றிய கேள்விகள் இந்த முறை நிறையச் சேர்ந்துவிட்டன. மூட்டுவாதப் பிரிவிலும் கதிரியக்கப் பிரிவிலும் வேலை செய்கிறவர்கள் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறோம். ஊசி குத்தாத, தோலைக் கீறாத சோதனைகள் மட்டுமே இங்கே.

கேள்வி: பச்சைத் தண்ணீரில் கை வைத்தாலே என் விரல்கள் வெளுத்து, பிறகு நீலம் பூத்துவிடுகின்றன. நகக்கண்ணைக் கேமராவில் பார்க்க வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். போனால், “விரல் ஆடுகிறது, படம் நிற்கவில்லை, இன்னொரு நாள் வாருங்கள்” என்று அனுப்பிவிட்டார்கள். நான் மூச்சைக்கூட அடக்கி, விரலை இறுக்கித்தான் வைத்திருந்தேன். என்ன தவறு?
(வாசகி, திருநெல்வேலி)

இறுக்கி வைத்தீர்கள் பாருங்கள், ஆட்டம் அங்கேதான் தொடங்கியது.

உங்களுக்கு எழுதிக் கொடுத்த சோதனையின் பெயர் நெயில்ஃபோல்ட் கேபிலரோஸ்கோப்பி. நகம் தோலுக்குள் புகும் இடத்து மடிப்பில் தந்துகிகள், அதாவது மயிரிழை ரத்தக்குழாய்கள், தோலுக்கு இணையாகப் படுத்து ஓடுகின்றன. மற்ற இடங்களில் அவை செங்குத்தாக நிற்பதால் மேலிருந்து பார்த்தால் வெறும் புள்ளிதான். நகமடிப்பில் மட்டும் கொண்டை ஊசி மாதிரி முழு வளைவும் தெரியும். ஒரு மில்லிமீட்டருக்கு ஏழு ஊசியாவது வரிசையாக இருக்க வேண்டும். வளைவின் உச்சியில் குழாயின் அகலம் 20 மைக்ரானுக்குள் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருந்தால் சரி. 50 மைக்ரானைத் தாண்டினால் அது ராட்சதத் தந்துகி. விரல் வெளுக்கும் ரேனாடு தொல்லை தனியாக வந்ததா, தோல் தடித்து இறுகும் ஸ்க்லீரோடெர்மா மாதிரி ஒரு நோய் பின்னால் நிற்கிறதா என்று பிரிக்க டாக்டருக்கு இந்தக் கணக்கு வேண்டும். 2013-இல் அமெரிக்க, ஐரோப்பிய மூட்டுவாத அமைப்புகள் சேர்ந்து வகுத்த ஸ்க்லீரோடெர்மா அளவுகோலில் ரேனாடுக்கு 3 மதிப்பெண், நகமடிப்புத் தந்துகிக் கோளாறுக்கு 2. மொத்தம் 9 சேர்ந்தால் அந்த நோய் என்று வகைப்படுத்துகிறார்கள். அந்த 2 மதிப்பெண்ணைத் தருவதா வேண்டாமா என்பதைக் கலங்கிய படத்தை வைத்துச் சொல்ல முடியாது.

பார்ப்பது 200 மடங்கு பெரிதாக்கி. விரல் 0.1 மில்லிமீட்டர் நகர்ந்தால் திரையில் படம் 2 சென்டிமீட்டர் ஓடும். நல்ல ஆரோக்கியமான கையிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு நடுக்கம் நொடிக்கு 8 முதல் 12 தடவை இருந்துகொண்டேதான் இருக்கும். தசையை முறுக்கினால் அது கூடும். மூச்சை அடக்கினால் தோள் விறைக்கும், கடைசியில் ஒரு பெருமூச்சு வரும், அதோடு எடுத்துக்கொண்டிருந்த படமும் போகும். சாதாரணமாக மூச்சு விடுங்கள். மூச்சின் அசைவு விரலுக்குப் போகாதபடி கையை வைப்பதுதான் வேலை.

அதற்கு இப்படி உட்காருங்கள். முதுகு நாற்காலியில் சாய்ந்திருக்கட்டும், இரண்டு பாதமும் தரையில் படியட்டும். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை மேசைமேல் கிடக்க வேண்டும். முழங்கை அந்தரத்தில் தொங்கினால் விரல் நிற்கவே நிற்காது. மணிக்கட்டுக்கு அடியில் மடித்த துண்டு ஒன்று. கையை வயிற்றின்மேலோ மடியிலோ வைக்க வேண்டாம், மூச்சு விடும்போதெல்லாம் அது ஏறி இறங்கும். மேசை உயரமாக இருந்து தோள் தூக்கிக்கொண்டிருந்தால் நாற்காலியை உயர்த்தச் சொல்லிக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். கை ஏறக்குறைய நெஞ்சு மட்டத்தில் இருப்பது நல்லது. 10 சென்டிமீட்டர் மேலே போனாலோ கீழே இறங்கினாலோ விரலின் ரத்த அழுத்தம் 7, 8 மில்லிமீட்டர் பாதரச அளவு மாறும், தந்துகியின் தோற்றமும் கொஞ்சம் மாறும்.

கை தளர்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு வழி: பக்கத்தில் இருப்பவர் உங்கள் மணிக்கட்டைப் பிடித்து இரண்டு அங்குலம் தூக்கி விடட்டும். ஈரத்துணி மாதிரி பொத்தென்று விழுந்தால் சரி. தூக்கிய இடத்திலேயே கை நின்றால் நீங்கள் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

போகும் முன்பு கவனிக்க வேண்டியவை சில. 15 முதல் 20 நிமிடம் முன்பே போய் அந்த அறையில் உட்காருங்கள். அறை 22 முதல் 25 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஏ.சி. காற்றோ மின்விசிறிக் காற்றோ நேராகக் கையில் அடித்தால் உங்களைப் போன்றவர்களுக்கு விரல் வெளுத்துப் படமே கிடைக்காது. அன்று காபி, டீ, சிகரெட் வேண்டாம். அவை குழாயையும் சுருக்கும், நடுக்கத்தையும் கூட்டும். வெறும் வயிற்றோடு போகத் தேவையில்லை. பசியில் கை வெடவெடப்பதுதான் மிச்சம். நகத்தோலை வெட்டுவது, கடிப்பது, அழகு நிலையத்தில் நகம் திருத்துவது எல்லாவற்றையும் இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிடுங்கள். நெயில் பாலிஷைத் துடைத்துவிட்டுப் போங்கள். கட்டைவிரல் தவிர எட்டு விரலும் பார்ப்பார்கள், விரலுக்கு 2 முதல் 4 படம். அரை மணி நேரம் ஆகலாம். நடுவில் கை மரத்துப்போனால் சொல்லுங்கள். ஒரு நிமிடம் கையை உதறிவிட்டு மறுபடி வைப்பது, மரத்த கையோடு தொடர்வதைவிட வேகமானது.

கேள்வி: தங்கை கல்யாணத்துக்கு விரல் நுனி முழுக்கத் தொப்பி மருதாணி வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் இதே சோதனை. போகலாமா?
(வாசகி, கும்பகோணம்)

தள்ளிப் போடுங்கள். நகத்தின் மேல் உள்ள சிவப்பு பிரச்சினை இல்லை, நகத்தை நாங்கள் பார்ப்பதில்லை. ஆனால் தொப்பி வைத்தால் நகமடிப்புத் தோலும் சேர்ந்து சிவக்கும். அந்தச் சாயத்துக்கு அடியில் தந்துகி மங்கிப்போகும். தோலில் உள்ள கறை இரண்டு, மூன்று வாரத்தில் உரிந்து போகும். நகத்தில் இருப்பது மாதக்கணக்கில் நிற்கும், அதற்காகக் காத்திருக்க வேண்டாம். டாக்டர் அவசரம் என்றால் கறை குறைவாக உள்ள விரலிலாவது பார்க்கச் சொல்லுங்கள். பொதுவாகவே எழுதாத கையின் மோதிரவிரலிலும் சுண்டுவிரலிலும்தான் தந்துகி தெளிவாகத் தெரியும்.

கேள்வி: எங்கள் கிளினிக்கில் கேபிலரோஸ்கோப் வாங்கியிருக்கிறோம். விரல்தாங்கி கூட வரவில்லை. ஸ்பான்ஞ்சு வைத்துப் பார்த்தேன், பிளாஸ்டர் போட்டுக் கட்டிப் பார்த்தேன். கட்டினால் அசைவு குறைகிறது, ஆனால் தந்துகிகள் வீங்கினாற்போலத் தெரிகின்றன. நல்ல தாங்கி எப்படிச் செய்வது?
(தொழில்நுட்பர், கோயம்புத்தூர்)

தெரிவது மட்டுமில்லை, வீங்கித்தான் இருக்கின்றன. விரலிலிருந்து ரத்தம் திரும்பும் சிரைகளில் அழுத்தம் மிகக் குறைவு. பிளாஸ்டரின் லேசான இறுக்கமே அவற்றை அடைத்துவிடும், ஆனால் தமனி அடைபடாது. உள்ளே வருவது வந்துகொண்டே இருக்கும், வெளியே போவது நிற்கும். அந்தப் படத்தில் அளந்த அகலத்தைக் குறித்தால் நோயில்லாதவருக்கு நோய் எழுதியதாகிவிடும். ஆகவே விரலின் அடிப்பகுதியைச் சுற்றி எதையும் கட்டாதீர்கள்.

தாங்கிக்கு முதல் விதி, விரலும் கேமராவும் ஒரே பலகையில் உட்கார வேண்டும் என்பது. கேமராத் தாங்கி ஒரு மேசையிலும் கை இன்னொரு மேசையிலும் இருந்தால், யாராவது நடந்து போனால்கூடப் படம் குதிக்கும். இரண்டும் ஒரே கனமான பலகையில் இருந்தால் பலகை அதிர்ந்தாலும் இரண்டும் சேர்ந்தே ஆடும், படம் நிற்கும். 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் ஏறக்குறைய 45-க்கு 30 சென்டிமீட்டர் துண்டு போதும், அடியில் நான்கு ரப்பர் பாதம். கணினியை அதே பலகையில் வைக்காதீர்கள். விசிறியும் தட்டச்சும் நேராகப் படத்துக்கு வந்துவிடும்.

விரலுக்கு ஒரு காடி, அதாவது விரல் படுக்கும் பள்ளம், வேண்டும். முக்கால் அங்குல பி.வி.சி. குழாயை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து 7 சென்டிமீட்டர் துண்டு எடுங்கள். தடித்த விரலுக்கு ஒரு அங்குலக் குழாயில் இன்னொன்று. உள்ளே 3 மில்லிமீட்டர் இ.வி.ஏ. (செருப்பில் வரும் அடர் நுரை) ஷீட் ஒட்டுங்கள். ஸ்பான்ஞ்சு ஏன் உதவவில்லை என்றால், அது சுருள்வில் மாதிரி: விரலின் நாடித்துடிப்புக்கே ஏறி இறங்கும். மெத்தென்று இருப்பதும் அசையாமல் இருப்பதும் வேறு வேறு.

காடியைவிட நல்லது அச்சு. பல் மருத்துவர்கள் அளவெடுக்கும் சிலிகான் புட்டி கடையில் கிடைக்கும். இரண்டு டப்பாவிலிருந்தும் சம அளவு எடுத்து, முப்பது நொடி பிசைந்து, காடிக்குள் வைத்து, விரலை மெல்லப் பதித்துவிட்டால் சில நிமிடத்தில் இறுகிவிடும். லேடெக்ஸ் கையுறையோடு பிசையாதீர்கள், அதிலுள்ள கந்தகம் புட்டியை இறுக விடாது. வெறுங்கையால் பிசையுங்கள், இல்லையென்றால் வினைல் கையுறை. அச்சு விரலின் அடிப்பக்கத்தையும் பக்கவாட்டில் பாதி உயரத்தையும் மட்டும் பிடித்தால் போதும். மேலே மூடக் கூடாது. திரும்பத் திரும்ப வரும் நோயாளிக்கு அச்சில் பெயர் எழுதி வைத்துக்கொள்ளலாம். ஆறு மாதம் கழித்தும் விரல் ஏறக்குறைய அதே கோணத்தில் உட்காரும், பழைய படத்தோடு ஒப்பிட அது பெரிய வசதி. புட்டி வாங்க முடியாவிட்டால் குழந்தைகள் விளையாடும் களிமண்ணைச் சமையலறைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றிப் பயன்படுத்துங்கள். ஒவ்வொருவருக்கும் தாளை மாற்ற வேண்டும்.

கோணம் அடுத்தது. விரலின் கடைசிக் கணுவிலிருந்து நகம் நோக்கி மேல்தோல் சரிந்து இறங்கும். லென்ஸுக்கு அந்தச் சரிவு மட்டமாகத் தெரிய வேண்டும், இல்லையென்றால் படத்தின் ஒரு பாதி தெளிந்து மறு பாதி கலங்கும். இதற்காக நுனியை மட்டும் மேல்நோக்கி வளைப்பவர்கள் உண்டு. அப்படி வளைத்தால் நகமடிப்பு இழுபட்டு வெளுக்கும். காடி முழுவதையும், நுனிப்பக்கம் உயரும்படி, 10 முதல் 15 டிகிரி சாய்த்து வையுங்கள். ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். அடியில் சொருக மரச்சில்லுகள் இரண்டு, மூன்று அளவில் வைத்திருங்கள். விரலின் சதை நுனி எதன்மேலும் முட்டி அழுந்தக் கூடாது. ஒரு விரலை மேசையில் அழுத்திப் பாருங்கள், நகம் பாதி வெளுக்கும். அதேதான் நகமடிப்பிலும் நடக்கும்.

ஏதாவது கட்டியே ஆக வேண்டும் என்றால் நடுக்கணுவுக்கும் கடைசிக் கணுவுக்கும் இடைப்பட்ட துண்டின்மேல், அகலமான வெல்க்ரோ, தளர்வாக. கட்டிய பிறகு நகத்தை அழுத்தி வெளுக்க வைத்து விடுங்கள். இரண்டு நொடிக்குள் சிவப்புத் திரும்பாவிட்டால் அவிழுங்கள்.

கடைசியாக, தோலைத் தொடும் வகைப் புரோப் (கையில் பிடிக்கும் கேமரா முனை) என்றால் ஒரு சொட்டு இம்மர்ஷன் ஆயில், அதாவது நுண்ணோக்கிக்கான எண்ணெய், விட்டு, புரோப்பின் எடையை உங்கள் கையே தாங்க வேண்டும். உங்கள் சுண்டுவிரலை நோயாளியின் பக்கத்து விரலில் ஊன்றிக்கொள்ளுங்கள், கை நிற்கும். அழுத்தினால் படம் அசையாது என்பது உண்மைதான். ரத்தம் வெளியேறிவிட்ட தோல் அசையாமல் தெரியும். தந்துகி எண்ணிக்கை திடீரென்று குறைவாக வந்தால் முதலில் உங்கள் கையைச் சந்தேகியுங்கள். தொடாத வகையில் அழுத்தம் என்ற பேச்சே இல்லை, ஆனால் தாங்கி நன்றாக இருந்தே தீர வேண்டும். நம் ஊர்த் தோல்நிறத்துக்குப் பச்சை விளக்கு கைகொடுக்கும், ஹீமோகுளோபின் பச்சையை நன்றாக உறிஞ்சுவதால் தந்துகி கருங்கோடாக எழும்.

கேள்வி: நாங்கள் இறுதியாண்டுத் திட்டமாகத் தந்துகியில் ரத்த ஓட்ட வேகத்தை அளக்கிறோம். விரல் ஆடினால் என்ன, வீடியோவை மென்பொருளில் நிலைப்படுத்திவிடலாமே?
(பொறியியல் மாணவர்கள், சென்னை)

பாதி ஆட்டத்தை நிலைப்படுத்தலாம். படம் பக்கவாட்டிலோ மேல்கீழாகவோ நகர்ந்தால் ஒவ்வொரு சட்டகத்தையும் இழுத்துப் பொருத்த மென்பொருளால் முடியும். விரல் லென்ஸை நோக்கி எழும்பினால் குவியம் போய்விடும். அதை எந்த நிரலும் மீட்காது. உருளும் அசைவும் அப்படித்தான். ஒரே சட்டகத்துக்குள் நடந்த கலங்கலும் போனது போனதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நடுக்கம் நொடிக்கு 10 தடவை, வீச்சு இருபுறமும் 25 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம். உச்ச வேகம் நொடிக்கு ஏறக்குறைய 1,570 மைக்ரான். 1/250 நொடியில் ஷட்டர் திறந்து மூடினால் கலங்கல் 6 மைக்ரான் சொச்சம். ஒரு சிவப்பணுவின் விட்டமே 7, 8 மைக்ரான்தான் என்பதால் இது ஏற்கத்தக்கது. 1/30 நொடி திறந்திருந்தால் கலங்கல் 40 மைக்ரானைத் தாண்டிவிடும், தந்துகியின் இரண்டு கால்களும் ஒன்றாகிவிடும். ஆகவே ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தைக் குறையுங்கள், குறைந்த வெளிச்சத்தை எல்.இ.டி.-யைக் கூட்டி ஈடுசெய்யுங்கள். எல்.இ.டி.-யை விரலுக்கு மிக நெருக்கமாக வைத்தால் சூட்டில் குழாய் விரிந்து வேகம் மாறும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிவப்பணு நொடிக்கு 300 மைக்ரான் ஓடினால், நொடிக்கு 30 சட்டக வீடியோவில் சட்டகத்துக்கு 10 மைக்ரான். விரல் அதே இடைவெளியில் 10 மைக்ரான் நகர்ந்தால் நீங்கள் எதை அளக்கிறீர்கள்? முதலில் தாங்கி, பிறகு ஷட்டர், மிச்சத்துக்கு மென்பொருள். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

கேள்வி: அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய். கையைச் சும்மா வைத்திருந்தால்தான் நடுக்கம் அதிகம். அவருக்கு எப்படி?
(வாசகர், தஞ்சாவூர்)

நீங்கள் கவனித்தது சரி. பார்க்கின்சன் நடுக்கம் ஓய்வில்தான் வரும், நொடிக்கு 4 முதல் 6 தடவை, வீச்சும் பெரிது. நாங்கள் மேலே சொன்ன “தளர விடுங்கள்” அவருக்குப் பலிக்காது. நடுக்கம் குறைந்த கையைத் தேர்ந்தெடுங்கள். வழக்கமான மாத்திரையைச் சரியான நேரத்தில் கொடுத்துவிட்டு, அது நன்றாக வேலை செய்யும் நேரம் எது என்று உங்களுக்கே தெரியும் அல்லவா, அந்த நேரத்துக்கு முன்பதிவு கேளுங்கள். சோதனைக்காக மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். முன்கைமேல் ஒரு கிலோ மணல் பையை வைத்தால் பெரிய வீச்சு அடங்கும். விரலின்மேலோ மணிக்கட்டின்மேலோ வைக்கக் கூடாது. நீண்ட வீடியோவுக்குப் பதிலாக இரண்டு, மூன்று நொடித் துண்டுகளாகப் பத்து எடுத்து நல்லதைப் பொறுக்குவது நடைமுறை. பேச்சுக் கொடுத்துக்கொண்டே எடுக்காதீர்கள். மனக்கணக்கு, பதற்றம் இரண்டும் இந்த நடுக்கத்தைத் தூண்டும்.

வயதானவர்களிடம் காணும் எசென்ஷியல் ட்ரெமர் வேறு ரகம். கையை நீட்டினால் நடுங்கும், மேசையில் கிடத்தினால் அடங்கும். அவர்களுக்கு மேலே சொன்ன தாங்கியே போதும். ஆஸ்துமாவுக்கு சால்புட்டமால் இன்ஹேலர் இழுத்த கொஞ்ச நேரத்துக்கும் கை நடுங்கும். மருந்து தேவைப்பட்டால் இழுத்துக்கொள்ளுங்கள், படத்தைக் கொஞ்சம் பொறுத்து எடுக்கலாம்.

கேள்வி: நடுவிரல் தசைநார் கிழிந்ததா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். குப்புறப் படுத்துக் கையைத் தலைக்கு மேல் நீட்டச் சொன்னார்கள். பத்தாவது நிமிடம் தோள் வலி தாங்கவில்லை. “அசைந்துவிட்டீர்கள்” என்று மறுபடி எடுக்கச் சொல்கிறார்கள்.
(வாசகர், சேலம்)

காந்தத்தின் நடுப்பகுதியில்தான் படம் சுத்தமாக வரும். விரலை அங்கே கொண்டுபோகத்தான் அந்தப் படுக்கை. பறப்பது மாதிரி இருப்பதால் சூப்பர்மேன் நிலை என்று சொல்வார்கள். தோள் தேய்ந்தவர்கள் அதில் நீண்ட நேரம் பறக்க முடியாது. ஒவ்வொரு வரிசைப் படமும் 3 முதல் 6 நிமிடம். அதன் நடுவில் ஒரு தடவை அசைந்தாலும் அந்த வரிசை முழுவதும் பாழ், ஏனென்றால் எம்.ஆர்.ஐ. படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் மொத்த நேரத்துத் தகவலும் கலந்திருக்கும். விரலின் நிழல்கள் ஒரு திசையில் வரிசையாக விழும், பேய்ப்படம் என்போம்.

அடுத்த முறை உள்ளே போகும் முன்பே கேளுங்கள்: மல்லாந்து படுத்து, கையை உடம்பின் பக்கத்தில் வைத்து எடுக்க முடியுமா? பல இயந்திரங்களில் முடியும். தரம் கொஞ்சம் குறைந்தாலும் அசையாத படம், அசைந்த சிறந்த படத்தைவிட மேல். பக்கத்தில் வைத்தால் முன்கைக்கும் வயிற்றுக்கும் இடையில் பஞ்சுத் திண்டு வேண்டும், இல்லாவிட்டால் மூச்சு கையைத் தள்ளும். குப்புறத்தான் வேண்டும் என்றால் மார்புக்கு அடியில் ஒரு தலையணை, கணுக்காலுக்கு அடியில் ஒன்று, முழங்கை லேசாக மடங்கியபடி. வலிக்கும் விரலைப் பக்கத்து விரலோடு சேர்த்து, நடுவில் பஞ்சு வைத்து, காகிதப் பிளாஸ்டர் போட்டுவிட்டால் இரண்டும் சேர்ந்து நிற்கும். கையை நிறுத்த மணல் பை வைத்தால் அதில் உலோகக் கொக்கி இல்லை என்று உறுதி செய்வது அவர்கள் வேலை. மோதிரத்தைக் கழற்றுவது உங்கள் வேலை. காந்தம் காட்டி வடிவம் இழுக்கும் நெயில் பாலிஷ் இப்போது வருகிறது, அதில் இரும்புத்தூள் உண்டு, துடைத்துவிடுங்கள்.

வரிசைகளுக்கு இடையில் சத்தம் நிற்கும். இருமவோ தோளை அசைக்கவோ அதுதான் நேரம், ஆனால் விரலை வைத்த இடத்திலிருந்து எடுக்காதீர்கள். முக்கியமான வரிசையை முதலில் எடுக்கும்படியும் கேட்கலாம்.

கேள்வி: ஐந்து வயது மகன் விரல் கதவில் நசுங்கியது. எக்ஸ்ரே எடுக்கும்போது நானே விரலைப் பிடித்துக்கொள்ளட்டுமா?
(வாசகி, ஈரோடு)

முடிந்தவரை வேண்டாம். 1895 டிசம்பர் 22 அன்று, எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த ராண்ட்கன் தன் மனைவியின் கையைப் படமெடுத்தபோது ஏறக்குறைய 15 நிமிடம் கை அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. இன்று விரலுக்கு ஒரு நொடியின் நூறில் சில பங்கு போதும். அசைவை விடக் கோணம் தப்புவதுதான் இன்றைக்குத் தொல்லை: பக்கவாட்டுப் படத்தில் விரல் சாய்ந்தால் கணுவின் இடைவெளி மூடிக்கொண்டு, சின்ன எலும்புச் சில்லு மறைந்துவிடும். மற்ற விரல்களை மடக்கி, அடிபட்டதை நீட்டி, அடியில் பஞ்சு ஆப்பு ஒன்று வைத்து, ஐஸ்குச்சியை விரலின் நீளத்தில் வைத்துக் காகிதப் பிளாஸ்டர் போட்டால் குழந்தைக்கும் நிற்கும். மரமும் பஞ்சும் எக்ஸ்ரேயில் குறுக்கிடாது. யாராவது பிடித்தே ஆக வேண்டுமென்றால் ஈயக் கவச உடை போட்டு, கை கதிர் விழும் இடத்துக்கு வெளியே இருக்கும்படி, குழந்தையின் முன்கையைப் பிடிக்கலாம். கர்ப்பமாக இருந்தால் நீங்கள் அறைக்குள்ளேயே இருக்கக் கூடாது.

கேள்வி: விரலில் மீன் முள் குத்தி உள்ளே முறிந்துவிட்டது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. ஸ்கேன் கருவியை வைத்தாலே உயிர் போகிறது, விரலை இழுத்துக்கொள்கிறேன்.
(வாசகர், தூத்துக்குடி)

மீன் முள் எக்ஸ்ரேயில் தெரியலாம், தெரியாமலும் போகலாம். மரச்சிராய் பெரும்பாலும் தெரியாது. அல்ட்ராசவுண்டில் இரண்டையும் பிடிக்க வாய்ப்பு அதிகம். கருவியை விரலில் வைக்காமலே பார்க்க வழி உண்டு. பிளாஸ்டிக் பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர், விரல் முழுகி மேலே நாலைந்து சென்டிமீட்டர் நிற்கும் அளவுக்கு. கையை அடியில் படியும்படி கிடத்தி, புரோப்பின் நுனியை மட்டும் தண்ணீரில் நனைத்து, விரலிலிருந்து ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் படம் தெளிவாக வரும். தண்ணீரே ஜெல்லின் வேலையைச் செய்கிறது. எதுவும் தொடாததால் நீங்களும் இழுக்க மாட்டீர்கள். தண்ணீரைக் கொஞ்ச நேரம் முன்பே ஊற்றி வைக்கச் சொல்லுங்கள். அடித்து ஊற்றினால் குமிழி விரலில் ஒட்டிக்கொண்டு முள் மாதிரியே பளிச்சிடும். ஒட்டியதை விரலால் தடவி நீக்கிவிடலாம். திறந்த காயம் என்றால் சுத்தமான உப்புநீரும், மெல்லிய உறை போட்ட புரோப்பும்.

விரல் முழுவதும் ஒரே சீராக வீங்கி, தானாக மடங்கி, நிமிர்த்தினால் கடும் வலி, உள்ளங்கைப் பக்கம் விரல் நெடுகத் தொட்டால் வலி என்றெல்லாம் இருந்தால் ஸ்கேனுக்குக் காத்திருக்காதீர்கள். தசைநார் உறைக்குள் சீழ் பிடிக்கும் அறிகுறி அது. அன்றைக்கே கை அறுவை மருத்துவரைப் பாருங்கள். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.